எழுந்து நின்று உட்கார்ந்த பின்

2001ஆம் ஆண்டு டிசம்பர் 13 அன்று முற்பகலில், உள்துறை அமைச்சகத்தின் பெயர் பொறித்த வில்லையை ஒட்டிக்கொண்டு வெள்ளை அம்பாசடர் கார் ஒன்று தில்லி நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்தது. உள்ளே ஐந்து பேர், ஐவரிடமும் துப்பாக்கி. இரு அவைகளும் ஏறத்தாழ நாற்பது நிமிடம் முன்பே ஒத்திவைக்கப்பட்டிருந்தன. என்றாலும் அமைச்சர்களும் உறுப்பினர்களும் நூற்றுக்கு மேல் கட்டடத்துக்குள்ளேயே இருந்தார்கள். அந்த ஐவரும் சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் ஒன்பது உயிர்கள் போயின. தில்லி காவலர்கள் ஐவர், நாடாளுமன்றப் பாதுகாப்புப் பணியாளர் இருவர், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பெண் காவலர் கமலேஷ் குமாரி, பொதுப்பணித் துறையின் தோட்டக்காரர் ஒருவர். உறுப்பினர் எவர்மீதும் ஒரு கீறல் விழவில்லை. அன்று தொடங்கி ஆண்டுதோறும் டிசம்பர் 13 காலையில் அந்த வளாகத்தில் இறந்தவர்களின் படங்களுக்கு மலர் தூவுகிறார்கள். அவை நடக்கும் நாளாக இருந்தால் தலைவர் நினைவுக் குறிப்பு வாசிப்பார், உறுப்பினர்கள் எழுந்து சிறிது நேரம் மௌனமாக நிற்பார்கள்.

2023ஆம் ஆண்டும் அப்படித்தான் நின்றார்கள். இருபத்திரண்டாம் நினைவு நாள். காலையில் மலரும் மௌனமும் முடிந்தன. பகல் ஒரு மணியளவில் மக்களவையின் பார்வையாளர் மாடத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் அவைக்குள் குதித்து, காலணிக்குள் மறைத்துக் கொண்டுவந்த குப்பிகளைத் திறந்து மஞ்சள் புகையைக் கிளப்பினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அதைப் பயங்கரவாதம் என்று அழைப்பதா, வேலையில்லாதவர்களின் விபரீதமான ஆர்ப்பாட்டம் என்று அழைப்பதா என்பது நீதிமன்றம் பார்க்கவேண்டிய காரியம். என் கவனம் அடுத்த நாள்களில் நடந்ததன்மேல். உள்துறை அமைச்சர் அவைக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. வளாகத்தின் பாதுகாப்பு மக்களவைச் செயலகத்தின் பொறுப்பு என்று தலைவர் சொன்னார். பதாகைகள் எழுந்தன, கூச்சல் எழுந்தது. அந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் இரு அவைகளிலும் சேர்த்து 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பதாகை பிடிப்பது விதிமீறல்தான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்து நின்ற அவை, பிற்பகலில் எழுந்த கேள்விக்கு உட்கார இடம் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு நாளின் காலைக்கும் மாலைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியது.

சட்டமன்றம் எப்படி அஞ்சலி செலுத்துகிறது என்பது நம்மில் பலருக்கும் தெரியும். அவைத் தலைவர் இரங்கற்குறிப்பு வாசிக்கிறார், சில வேளைகளில் இரங்கல் தீர்மானம் வருகிறது, உறுப்பினர்கள் இரண்டு மணித்துளி மௌனம் காக்கிறார்கள், அது அவைக் குறிப்பில் ஏறுகிறது. இதில் வெளிப்படுவது துக்கமா? ஓர் அவையால் துக்கப்பட முடியாது. துக்கம் தாய்க்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் உரியது. இருநூறு பேரோ ஐந்நூறு பேரோ ஒரே நேரத்தில் தலைகுனிந்து நிற்பது மரியாதை. மரியாதை நல்லதுதான், ஆனால் அதை ஒரு பள்ளிக்கூடமும் செய்யும், கிரிக்கெட் மைதானமும் செய்யும். சட்டமன்றத்தால் மட்டும் முடிகிற காரியம் வேறு. அமைச்சரை எழுந்து பதில் சொல்ல வைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆவணத்தைக் கேட்டு வாங்கலாம், விசாரணைக் குழு அமைக்கலாம், இழப்பீட்டுக்குப் பணம் ஒதுக்கலாம். ஒரு குடிமகன் குண்டுக்கு இரையாகும்போது, கொன்றவன் முதல் குற்றவாளி, அதில் ஐயமில்லை. ஆனால் காக்க வேண்டிய அரசு காக்கத் தவறியதா என்ற கேள்வியும் அந்தப் பிணத்தருகே நிற்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட மன்றம், மௌனத்தைக் கேள்விக்கு முன்னுரையாக வைக்க வேண்டும். கேள்விக்குப் பதிலாக வைக்கும்போது அது தன் வேலையிலிருந்து தப்பிக்கிறது. இதுவே என் வாதம்.

நம் மரபில் இறந்தவரை நினைப்பதற்கு ஒரு பழைய வடிவம் உண்டு, நடுகல். தொல்காப்பியம் அதற்கான சடங்கைப் படிப்படியாக வகுத்துச் சொல்லும் அளவுக்குப் பழையது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களைப் படித்தால் ஒரு விஷயம் துலங்கும். அவற்றில் புலம்பல் மிகக் குறைவு. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்த ஊர்த் தொறுவில், யாரோடு மோதிப் பட்டான் என்ற தகவல்தான் கல்லில் இருக்கிறது. எடுத்தனூரில் உள்ள கல்லில் வீரனோடு நின்று கள்வரைக் கடித்த நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, அந்த நாயின் பெயர் கோவிவன் என்பது உட்பட. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஒரு கல்தச்சன் நாய்க்குக் கொடுத்த கவனத்தை, பல நாட்டு அவைக் குறிப்புகள் மனிதர்களுக்குக் கொடுப்பதில்லை. அவற்றில் ‘அப்பாவிப் பொதுமக்கள் பலர்’ என்ற தொகைதான் மிச்சம்.

தொகையாகக்கூடக் கணக்கில் வராமல் போனவர்களும் உண்டு. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் 182ஆம் எண் விமானம், நம் செய்தித்தாள்கள் கனிஷ்கா என்று எழுதிய விமானம், கனடாவிலிருந்து லண்டன் வழியாகத் தில்லிக்கு வரும் வழியில் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறியது. 329 பேரும் இறந்தார்கள். குண்டை வைத்தவர்கள் கனடாவில் இயங்கிய காலிஸ்தான் தீவிரவாதிகள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கனடாவின் குடிமக்கள், இந்திய வம்சாவளியினர். அப்போதைய கனடியப் பிரதமர் பிரையன் மல்ரோனி இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியைத் தொலைபேசியில் அழைத்து இரங்கல் சொன்னார். அந்தக் குடும்பங்கள் இன்றுவரை மறக்காத அழைப்பு அது. சொந்தப் பிரஜைகள் செத்ததற்கு அடுத்த நாட்டுக்காரரிடம் துக்கம் விசாரிப்பது என்றால், இறந்தவர்கள் யாருடைய மனிதர்கள் என்று பொருள்? அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், கடலோரத்து அஹகிஸ்டா என்னும் சிற்றூரில், மறு ஆண்டே நினைவுத் தோட்டம் எழுந்தது. தொலைதேசத்து அந்நியர்களுக்கான தோட்டம் அது. கனடாவின் சொந்த மண்ணில் டொராண்டோவிலும் வான்கூவரிலும் நினைவிடங்கள் திறக்க 2007 ஆயிற்று. ஜூன் 23ஐப் பயங்கரவாதத்துக்கு இரையானவர்களின் தேசிய நினைவு நாளாக அறிவித்ததே 2005இல்தான். இருபது ஆண்டு.

இந்த இருபது ஆண்டு மறதியில் இறந்தவர்களுக்கு நேர்ந்த அவமதிப்பு ஒரு பாதி. அந்த இடைவெளியில் விசாரணைக்கு என்ன ஆயிற்று என்பது மறு பாதி. உளவுத் துறை தான் பதிவுசெய்த நூற்றுக்கணக்கான ஒலிநாடாக்களை அழித்திருந்தது. முன்கூட்டியே வந்த எச்சரிக்கைகள் துறைக்குத் துறை கைமாறாமல் தேங்கின. 2005 மார்ச்சில் முக்கியக் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்ட இருவரும் விடுதலையானார்கள். கடைசிவரை தண்டனை பெற்றவர் ஒருவர் மட்டுமே. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் மேஜர் தலைமையிலான ஆணையம் 2010 ஜூனில் ஐந்து தொகுதிகளாக அறிக்கை தந்தது. அரசு இயந்திரத்தின் தவறுகளை வரிசையாக எடுத்துவைத்து, இது கனடாவின் துயரம் என்று தலைப்பிலேயே சொல்லியது. அதே மாதம் 23ஆம் நாள் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். நினைவு நாளும் ஆணையமும் மன்னிப்பும் ஐந்தே ஆண்டுக்குள் அடுத்தடுத்து வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ‘இவர்கள் நம்மவர்கள்’ என்று ஒரு நாடு பதிவேட்டில் எழுதிய பிறகுதான், ‘நம்மவர்களை ஏன் காக்கவில்லை’ என்ற கேள்விக்குக் காது திறக்கிறது. நினைவேந்தல் கேள்வியைத் திறக்கும் சாவியாகவும் இருக்கலாம், பூட்டாகவும் இருக்கலாம் என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தெரியவில்லை.

சாவியாக அமைந்த இன்னொரு நாடு நார்வே. 2011 ஜூலை 22 அன்று ஒஸ்லோவின் அரசு அலுவலகப் பகுதியிலும் உட்டோயா தீவிலும் ஒரே மனிதன் 77 பேரைக் கொன்றான். தீவில் மாண்டவர்களில் பெரும்பாலோர் கட்சி முகாமுக்கு வந்திருந்த பதின்பருவத்தினர். ஆகஸ்ட் 1 அன்று நாடாளுமன்றம் அரசர் முன்னிலையில் கூடியது. அவைத் தலைவர் இறந்த அத்தனை பேரின் பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் வந்த அறிக்கை அரசுக்குச் சாதகமாக இல்லை: ஏற்கெனவே முடிவான பாதுகாப்பு நடவடிக்கைகளை நிறைவேற்றியிருந்தால் ஒஸ்லோ குண்டுவெடிப்பைத் தடுத்திருக்கலாம், காவல் துறை தீவுக்கு இன்னும் விரைவாகப் போயிருக்கலாம் என்றது. அந்த மாதமே நாடாளுமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தில் பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டன்பர்க் எழுந்து பதில் சொன்னார். உட்டோயாவில் செத்த பிள்ளைகள் அவருடைய கட்சிப் பிள்ளைகள். அவரைவிட அதிகம் துக்கப்படும் உரிமை உள்ள அரசியல்வாதி அங்கே யாருமில்லை. அதனால் அவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று அந்த அவை நினைக்கவில்லை.

இந்தியாவுக்குத் திரும்புவோம். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமின் பைசரன் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். ஆறாம் நாள், ஏப்ரல் 28இல், ஜம்மு காஷ்மீர் சட்டப்பேரவை சிறப்புக் கூட்டமாகக் கூடியது. முதலமைச்சர் உமர் அப்துல்லா இருபத்தாறு பேரையும் பெயர் சொல்லி, யார் எந்த மாநிலத்தவர் என்று சொல்லி வாசித்தார். அதில் சுற்றுலா வந்தவர்களும் இருந்தார்கள், அவர்களைக் காக்க முயன்று உயிர்விட்ட உள்ளூர்க் குதிரைக்காரரும் இருந்தார். அங்கே காவல் துறை முதலமைச்சரின் கையில் இல்லை. ஒன்றியப் பிரதேசம் என்பதால் அது ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. அதைச் சொல்லித் தப்பிக்க அவருக்கு வசதி இருந்தது. விருந்தாளிகளைப் பத்திரமாக அனுப்பிவைக்க வேண்டியது என் கடமை, தவறிவிட்டேன், மன்னிப்புக் கேட்க வார்த்தை இல்லை என்ற பொருளில் பேசினார். இந்தப் பிணங்களைக் காட்டி மாநிலத் தகுதி கேட்கமாட்டேன் என்றும் சொன்னார். காவல் அதிகாரம் இல்லாத மன்றம் இப்படிப் பேசியது. அதிகாரம் உள்ள மன்றமோ கூடுவதற்கே ஜூலை ஆயிற்று. சிறப்புக் கூட்டம் வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. மழைக்காலக் கூட்டத்தொடரின் முதல் நாளான ஜூலை 21 அன்று மக்களவை இரங்கல் தெரிவித்தது. 29ஆம் தேதி விவாதத்தில் பிரியங்கா காந்தி இறந்த 25 இந்தியர்களின் பெயர்களை வாசித்தபோது, ஆளும் தரப்பிலிருந்து ‘இந்து’ என்ற குரல் எழுந்தது, எதிர்த்தரப்பு ‘இந்தியர்’ என்று பதிலுக்குக் கத்தியது. பெயர்ப் பட்டியல் ஒன்று அரை நிமிடத்தில் சண்டைக்களமானது. கொன்றவர்கள் மதத்தைக் கேட்டுத்தான் சுட்டார்கள், அந்த உண்மையை மறைக்கக் கூடாது என்று ஆளும் தரப்புக்காக ஒருவர் வாதிடலாம். அது நியாயமான வாதம், விவாதத்தில் சொல்லவேண்டிய வாதம். பெயரின் நடுவே குறுக்கிட்டுச் சொல்லவேண்டியதல்ல. மூன்று மாதம் முன்பே அவைத் தலைவரின் வாயால் அந்த இருபத்தாறு பெயரும் வாசிக்கப்பட்டிருந்தால், யாரும் யாருக்கும் பெயர் சூட்டும் வாய்ப்பே வந்திராது.

இந்த இடத்தில் மிகப் பலமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சாவு வீட்டில் கணக்குக் கேட்கலாமா? அடக்கம் முடியும் முன் அரசைக் குறைசொல்வது இறந்தவர்களை ஆயுதமாக்குவது ஆகாதா? இந்தச் சங்கடத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிணத்தைக் காட்டி ஓட்டுக் கேட்பதைத் தமிழ்நாடு நிறையப் பார்த்திருக்கிறது. ஆகவே அஞ்சலியின் அந்த ஒரு மணி நேரத்துக்கு அரசியல் வெளியே நிற்கட்டும். பிரச்சினை, அந்த ஒரு மணி நேரம் எப்போது முடிகிறது என்பதில்தான். 2017 மார்ச் 22 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற வாயிலில் கீத் பால்மர் என்ற காவலர் குத்திக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை 9.33க்கு மௌனம் காக்கப்பட்டது, அவருடைய தோள்பட்டை எண் 933. அதே காலையில் அவை வழக்கம்போலக் கூடி, பிரதமர் தெரசா மே அறிக்கை வாசித்து, உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார். மௌனத்துக்கும் கேள்விக்கும் இடையே அங்கே ஒரு காலைப்பொழுதுகூட இல்லை, யாரும் மரியாதை கெட்டதாக நினைக்கவும் இல்லை. அடுத்த ஆண்டு நடந்த மரண விசாரணையில், துப்பாக்கி ஏந்திய காவலர்கள் அருகில் நிறுத்தப்பட்டிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்று தெரியவந்தது. இதே அவையைப் பற்றி ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். ஏரி நீவ், ஜோ காக்ஸ் உள்ளிட்ட கொலையுண்ட உறுப்பினர்களுக்கு அவையின் உட்சுவரில் கேடயச் சின்னங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களைக் காக்கச் செத்த காவலரின் கல் வாயிலருகே வெளியே நிற்கிறது. காரணம் சொல்வார்கள், அவர் விழுந்த இடம் அது என்று. சரிதான். இருந்தாலும் அந்தச் சுவர் உள்ளிருந்து பார்ப்பவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது என்று யோசிக்கத்தான் வேண்டும்.

கணக்குக் கேட்பது இறந்தவர்களை இழிவுபடுத்தும் என்று சொல்பவர்கள், இறந்தவர்களின் வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது நல்லது. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டுகள் வெடித்து நூற்றுத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்றாம் நாள் பொதுத்தேர்தல். பாஸ்க் பிரிவினைவாத அமைப்பான எய்ட்டாதான் செய்தது என்று அன்றைய அரசு சொல்லிக்கொண்டிருந்தது, உண்மையில் செய்தவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதிகள். நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. குழுவின் கூட்டங்கள் இரண்டு பெரிய கட்சிகளும் ஒன்றையொன்று மடக்கும் மேடையாயின. டிசம்பர் 15 அன்று, இருபது வயது மகனைப் பறிகொடுத்த பிலார் மஞ்சோன் பாதிக்கப்பட்டோர் சங்கத்தின் சார்பில் சாட்சியம் சொல்ல வந்தார். விசாரணை நடந்த நாள்களில் நீங்கள் எதற்காகச் சிரித்தீர்கள், எதற்காகக் கைதட்டினீர்கள் என்று அந்த உறுப்பினர்களை நேருக்கு நேர் கேட்டார். கவனியுங்கள், விசாரிக்காதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. ஒழுங்காக விசாரியுங்கள் என்றார். சங்கடம் கேள்வியில் இல்லை, கேட்கும் முறையில் இருக்கிறது என்பதை அந்தத் தாயைவிடத் தெளிவாக வேறு யாரும் சொன்னதாக நான் அறியேன்.

கேள்விக்கு இடமில்லாத துக்கம் வெறும் துக்கமாக அடங்கியும் விடுவதில்லை, சட்டமாக உறைகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் மறுநாள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இரங்கல் தீர்மானத்தை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றின. சரியான காரியம். 14ஆம் தேதி, அதே மனநிலையில், படைபலத்தைப் பயன்படுத்தக் குடியரசுத் தலைவருக்கு அனுமதி தரும் தீர்மானம் வந்தது. அதன் மைய வாக்கியம் ஆங்கிலத்தில் 60 சொல். செனட்டில் 98க்கு 0, பிரதிநிதிகள் சபையில் 420க்கு 1. எதிர்த்து வாக்களித்த ஒரே ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. எந்த நாட்டோடு, எத்தனை காலம் என்ற வரம்பு அதில் இல்லை. அந்த அறுபது சொல்லைக் காட்டி அடுத்த இருபது ஆண்டுகளில் ஆப்கானிஸ்தானுக்கு வெகு தொலைவிலுள்ள நாடுகளிலும் படைகள் இயங்கின. இங்கேயும் நடந்தது. டிசம்பர் 13 தாக்குதலை வாதமாக வைத்து, பொடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 2002 மார்ச் 26 அன்று இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் 425க்கு 296 என்று நிறைவேறியது. அந்த ஜூலையிலேயே அதன்கீழ் கைதாகி வேலூர் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் வைகோ. அந்தச் சட்டத்தை ஆதரித்த கூட்டணியைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர். அவர் செய்ததாகச் சொன்ன குற்றம் திருமங்கலத்தில் பேசிய ஒரு கூட்டப் பேச்சு. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது.

விரைவாகச் சட்டம் செய்வதே தவறு என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2019 மார்ச் 15 அன்று இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். 19ஆம் தேதி நாடாளுமன்றம் கூடியபோது இமாம் ஒருவர் குர்ஆன் ஓத, அவை தொடங்கியது. பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் ஸலாம் சொல்லித் தன் பேச்சைத் தொடங்கி, கொன்றவனின் பெயரை ஒருபோதும் உச்சரிக்கமாட்டேன், மாண்டவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்றார். அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டம் ஏப்ரல் 10 அன்று 119க்கு 1 என்று நிறைவேறியது. தாக்குதலிலிருந்து 26 நாள். எதிர்த்த ஒருவரான டேவிட் சீமோர் அவசரத்தைத்தான் குறைசொன்னார், அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் ஒரு கேள்விக்கு விடை: இவன் கைக்கு இந்த ஆயுதம் சட்டப்படி எப்படி வந்தது? 2001 செப்டம்பர் தீர்மானம் எந்தக் கேள்விக்கும் விடை அல்ல. எனக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நாள் கணக்கில் தெரியவில்லை, இதில் தெரிகிறது.

இனி, இவையெல்லாவற்றையும்விடக் கடினமான ஆட்சேபம். பலியானவர் என்று யாரைச் சொல்வது? பயங்கரவாதம் என்பதே ஆள்பவர் ஒட்டும் சீட்டு அல்லவா? 2024 ஜூன் 18 அன்று கனடாவின் மக்களவை, ஓராண்டுக்கு முன் சர்ரே நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஹர்தீப் சிங் நிஜ்ஜருக்காக எழுந்து நின்றது. கனடாவுக்கு அவர் தன் மண்ணில் கொலையுண்ட குடிமகன். இந்தியாவுக்கு அறிவிக்கப்பட்ட பயங்கரவாதி. வான்கூவரிலுள்ள இந்தியத் துணைத் தூதரகம் உடனே ஜூன் 23 கனிஷ்கா நினைவு நிகழ்ச்சிக்கு அழைப்பு விடுத்தது. ஒரு மௌனத்துக்கு இன்னொரு மௌனம் பதிலாயிற்று. அதே கனடிய அவைதான் 2022இல் மே 18ஐத் தமிழர் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. அந்தச் சாவுகளைக் கொழும்பு வேறு பெயரால் அழைக்கிறது. ஆக, சீட்டை ஒட்டுவது அதிகாரம்தான். அதற்காக நினைவையே கைவிடச் சொல்வது, சீட்டு தவறாக இருக்கும் என்று பயந்து பெட்டியையே எறிவது போல. வட அயர்லாந்தில் 2006இல் வந்த சட்ட ஆணை பாதிக்கப்பட்டவர் யார் என்பதற்கு அகலமான வரையறை தந்தது. காயம் யாரால் வந்தது, எந்தப் பக்கத்தவர் என்று அது பார்க்கவில்லை. அதனால் குண்டு வைத்தவனும் பாதிக்கப்பட்டவனா என்ற கொந்தளிப்பு இன்றும் அடங்கவில்லை. அந்தக் கொந்தளிப்பில் வலி இருக்கிறது, அதை வெறும் அரசியல் என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் அடைமொழியைப் பற்றி ஒத்துப்போகாதவர்களும் நாள், இடம், பெயர், நடந்த விதம் ஆகியவற்றில் ஒத்துப்போக முடியும். அவைக் குறிப்பு முதலில் அவற்றை எழுதட்டும்.

அவற்றையும் திருத்த மனம் வேண்டும் என்பதற்கு ஸ்பெயின் சாட்சி. 1960 ஜூன் 27 அன்று சான் செபாஸ்தியான் ரயில் நிலையத்தில் வெடித்த குண்டில், இரண்டு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை ஒன்று இறந்தது. எய்ட்டாவின் முதல் பலி என்று நம்பி, 2010இல் நாடாளுமன்றம் அந்த நாளைப் பயங்கரவாதத்துக்கு இரையானவர்களின் நினைவு நாளாகத் தேர்ந்தெடுத்தது. அரசே நிறுவிய நினைவு மையம் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து 2019இல் வேறு முடிவுக்கு வந்தது: அந்தக் குண்டை வைத்தது டி.ஆர்.ஐ.எல். என்ற வேறொரு குழு. ஜூன் 27 இன்றும் நினைவு நாளாகவே இருக்கிறது. இருக்கட்டும். கொன்றது யார் என்று மாறியதால் அந்தக் குழந்தையின் சாவு சிறிதாகிவிடவில்லை. தான் நாள் குறித்த காரணம் தவறு என்று தன் மையமே சொல்ல அனுமதித்த அரசை நான் மதிக்கிறேன்.

பிழைத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இறந்தவர்களுக்குத் தரும் கவனத்தில் அவர்கள் காணாமல் போகிறார்கள். நியூயார்க் இடிபாட்டில் மாதக்கணக்கில் வேலைசெய்து நுரையீரல் கெட்ட தீயணைப்பாளர்கள், அவர்களுக்கான சிகிச்சைச் சட்டத்துக்கு 2011 ஜனவரி வரை காத்திருந்தார்கள். இழப்பீட்டு நிதி வற்றியபோது மறுபடி கையேந்தினார்கள். 2019 ஜூன் 11 அன்று அவர்களோடு சாட்சியம் சொல்ல வந்த நகைச்சுவைக் கலைஞர் ஜான் ஸ்டூவர்ட், எதிரே அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழுவின் நாற்காலிகள் பலவும் காலியாக இருப்பதைக் கண்டு பொரிந்து தள்ளினார். ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று மறக்கமாட்டோம் என்று சொல்லும் அவையின் நாற்காலிகள் அவை. அடுத்த மாதமே, 2090 வரை விண்ணப்பிக்க வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. பதினெட்டு ஆண்டு அஞ்சலிகள் செய்யாததை ஒரு காலி நாற்காலியின் படம் செய்தது. தில்லியிலும் இதன் சாயல் உண்டு: டிசம்பர் 13இல் இறந்தவர்களின் குடும்பங்கள், அந்த வழக்கில் விதிக்கப்பட்ட மரண தண்டனை நிறைவேறத் தாமதமாவதைக் கண்டித்து 2006இல் பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தன. மரண தண்டனையைப் பற்றி நான் அவர்களோடு உடன்படவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு பூ வைத்துவிட்டு, வழக்கு எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல அந்த அவைக்கு ஒரு வழியும் இல்லாமல் இருந்தது.

ஆகவே ஒரு சின்ன ஏற்பாட்டைக் கேட்கிறேன். புதுச் சட்டம் வேண்டாம், அவைத் தலைவரின் ஓர் உத்தரவு போதும். எந்தத் தாக்குதலுக்காக அவை ஆண்டுதோறும் எழுந்து நிற்கிறதோ, அந்த நாளில், நிற்பதற்கு முன் ஒரு தாள் அவை முன் வைக்கப்படட்டும். இறந்தவர் பெயர்கள், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, விசாரணைக் குழுவின் பரிந்துரைகளில் எவை நிறைவேறின எவை நிறைவேறவில்லை, இழப்பீட்டில் எவ்வளவு பாக்கி. அமைச்சர் கையெழுத்திடட்டும். இது அலுவலகத்தனமாக இருக்கிறது என்பார்கள். ஆம், அப்படித்தான் இருக்கிறது, செங்கம் கற்களும் அப்படித்தான் இருக்கின்றன.

அப்படி ஒரு தாள் எங்கே தேவை என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று அங்கே மூன்று தேவாலயங்களிலும் மூன்று விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் செத்தவர்களில் தமிழர் பலர், குழந்தைகள் பலர். நாடாளுமன்றத் தெரிவுக்குழு, பதவியிலிருந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் எதிர்ப்பையும் மீறி விசாரித்து, அக்டோபரில் அறிக்கை தந்தது. ஏப்ரல் 4 முதல் கையிலிருந்த உளவுத் தகவல் எங்கே தேங்கியது, யார் தவறினார் என்று பெயர் சொல்லியே எழுதியது. பிறகு அந்த அறிக்கை அலமாரிக்குப் போனது. 2023 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம்தான், சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் பாதிக்கப்பட்டோருக்குக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர் தவணை தவணையாகக் கட்டினார். எந்தத் தவணை எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்பது நீதிமன்றக் கோப்பில் கிடக்கிறது. ஏப்ரல் 21இல் அந்த நாடாளுமன்றம் எழுந்து நிற்கும் முன் வாசிக்க வேண்டிய தாள் அது.